மரத்தின் பிடிவாதமும் நுரையின் தாராளமும்

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைத் தொழிலோடு சம்பந்தப்பட்ட எவருக்கும் உமியின் சுபாவத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோலை ஆவலோடு அசைபோடும் மாடு, தவிட்டுத் தண்ணீருக்குத் தொட்டியின் அடிவரை நக்கும் மாடு, அதே நெல்லின் மேற்போர்வையான உமியைச் சீந்துவதில்லை. மழையில் நனைந்த வைக்கோல் மக்கி உருத்தெரியாமல் போவதற்குள், பக்கத்திலே குவித்துக் கொட்டிய உமி அதிக மாறுதலின்றி அப்படியே கிடக்கிறது. ஆனால் அந்த உமியையே நெல் அவிக்கும் கொதிகலனின் அடியிலோ செங்கல் சூளையிலோ இட்டால், நல்ல விறகுக்கு ஈடாக நின்று எரிந்து, நிறையச் சாம்பலையும் விட்டுப் போகிறது. நூறு கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 20 கிலோ உமி சேருமாதலால், கொள்ளிடத்துக்கு வடக்கே பொன்னி அரிசிக்குப் பேர்போன இவ்வூரில் அதன் அளவு அற்பமன்று. ஒரே பயிர், ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர். அப்படியிருக்க, தவிட்டுக்கும் உமிக்கும் இத்தனை பேதம் எங்கிருந்து வந்தது?

விடையில் பாதி சாம்பலிலேயே இருக்கிறது. உமியை எரித்தால் அதன் எடையில் 15 முதல் 20 சதவிகிதம் வரை சாம்பலாக மிஞ்சும். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். நெற்பயிர் நிலத்து நீரோடு அதை உறிஞ்சி, உமியின் சுவர்களில் படிய வைக்கிறது. மற்றப் பாதி எரிந்து போய்விடுகிற காரணத்தாலேயே கண்ணுக்குப் புலப்படாதது. அதன் பெயர் லிக்னின். மரத்துக்கு மரத்தன்மையைத் தருவது அதுவே. தேக்கிலும் சவுக்கிலும் மூங்கிலிலும் கரும்புச் சக்கையிலும் தேங்காய் நாரிலும் வெவ்வேறு அளவில் உறைந்திருப்பதும் அதுவே.

எரிந்து மறைகிற ஒரு பதார்த்தம் இவ்வளவு இருந்ததென்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வாசகர் கேட்பது நியாயம். ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் பீட்டர் கிளாசன் வகுத்துத் தந்த முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. நன்றாக உலர்த்திப் பொடித்த மரத்தையோ உமியையோ 72 சதவிகிதச் செறிவுள்ள கந்தக அமிலத்தில் ஊறவைத்து, பின்னர் நீர் விட்டுக் காய்ச்சினால், அதிலுள்ள செல்லுலோஸ் முதலான மாவுச்சத்து இனப் பொருள்கள் யாவும் சர்க்கரைகளாக உடைந்து கரைந்து போக, அமிலத்துக்கும் அசையாத கபில நிறத் தூள் ஒன்று அடியில் தங்கும். அதை வடிகட்டி, கழுவி, உலர்த்தி நிறுத்தால் லிக்னினின் எடை தெரிந்துவிடும். உமியின் விஷயத்தில் மட்டும் இன்னொரு படி அவசியமாகிறது. அமிலத்தில் கரையாத சிலிக்காவும் அந்தத் தூளோடு சேர்ந்தே தங்குமாதலால், நிறுத்த தூளை எரித்து, மிஞ்சிய சாம்பலின் எடையைக் கழித்துவிட வேண்டும். இவ்விதம் கணக்கிட்டால் உமியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கும், சாதாரண மரங்களின் எடையில் நாலில் ஒரு பங்கை ஒட்டியும், மாதக்கணக்காய் நீரில் ஊறியும் அழுகாத தேங்காய் நாரில் 40 சதவிகிதத்தை ஒட்டியும் லிக்னின் இருப்பது விளங்குகிறது.

இப்பெயரை 1813-ல் வழங்கியவர் ஸ்விட்சர்லாந்தின் தாவர சாஸ்திரி டி கண்டோல். ஆயினும் மரம் என்பது ஒரே பொருளன்று, இரண்டு வேறு பொருள்களின் கூட்டு என்று பரிசோதனையால் காட்டியவர் பிரான்ஸ் தேசத்து அன்செல்ம் பாயன். அவர் பலவகை மரங்களை எடுத்து, நைட்ரிக் அமிலத்திலும் பின்னர் காரத்திலும் மாற்றி மாற்றிச் சோதித்தார். எந்த மரத்தை எடுத்தாலும் இறுதியில் எஞ்சிய வெண்மையான நார்ப்பொருள் ஒரே இயைபுடையதாக இருந்ததையும், கரைந்து போன பகுதியில் கரிமம் அதிகமாக இருந்ததையும் 1838-ல் வெளியிட்டார். எஞ்சியதற்கே செல்லுலோஸ் என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

இவ்விரண்டு பொருள்களின் உள்ளமைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் கதையின் முடிச்சு அங்கே தெரியும். இரண்டுமே பலபடிகள், அதாவது சிறு மூலக்கூறுகள் பல கைகோத்து உண்டான பெரு மூலக்கூறுகள். செல்லுலோஸில் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரை, ஒரே விதமான பிணைப்பால், ஆயிரக்கணக்கில் நேர்வரிசையாக இணைந்திருக்கிறது. லிக்னினிலோ உறுப்பினர் மூவகையினர்; மூவரும் ஆறு கரிம அணுக்களாலான வளையத்தைத் தாங்கிய ஆல்கஹால்கள். பைன் முதலான ஊசியிலை மரங்களில் ஒரு வகையே மேலோங்கும். இலை அகன்ற மரங்களில் இரண்டு வகைகள் கலந்து நிற்கும். நெல், கரும்பு, மூங்கில் ஆகிய புல்லினங்களில் மூன்றுமே இடம்பெறும். அன்றியும், இவை இணைகின்ற முறையில் வரிசையோ திட்டமோ கிடையாது. செடியிலுள்ள நொதி ஒன்று இந்த ஆல்கஹாலிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவை மாத்திரம் பறித்துவிட, துணையிழந்த எலெக்ட்ரான் ஓரிடத்தில் நிற்காமல் மூலக்கூறின் பல இடங்களுக்கும் பரவி நிற்கிறது. எதிர்ப்படும் இன்னொன்றோடு அவ்விடங்களுள் எதன் வழியாகவும் அது இணையக்கூடும். ஆகவே எங்கும் கிளைத்து, எங்கும் முடிச்சிட்டு, செல்லுலோஸ் இழைகளுக்கு இடையிலுள்ள வெளியையெல்லாம் நிரப்பி இறுகிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து கார்ல் ஃபிராய்டன்பர்க், அந்த ஆல்கஹால்களுள் ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, காளானிலிருந்து எடுத்த நொதியையும் காற்றையும் சேர்த்தபோது, ஊசியிலை மரத்தின் லிக்னினைப் பெரிதும் ஒத்த பலபடி ஒன்று செடியின் உதவியின்றியே உருவாயிற்று. யாரும் அடுக்கி வைக்காமல் தானே இணைந்த பொருள் இயற்கைப் பொருளை ஒத்திருந்தது என்பதே, இயற்கையிலும் அடுக்குவார் இல்லை என்பதற்கு வலுவான சாட்சி.

இந்த ஒழுங்கின்மையே மரத்தின் பாதுகாப்பு. ஒரே விதமான பிணைப்புள்ள செல்லுலோஸை வெட்ட, அந்த ஒரு பிணைப்பை அறிந்த நொதி இருந்தால் போதும். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தம்மிடம் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முடிச்சும் வேறாக இருக்கும் லிக்னினை அவிழ்க்க அப்படி ஒரே ஆயுதம் உதவாது. மரத்தை வெளுக்கச் செய்யும் சில பூஞ்சைகள் மட்டுமே அதைத் திறமையாகச் சிதைக்கின்றன. அவற்றிலிருந்து அதற்குரிய நொதியைப் பிரித்தெடுத்தது 1983-ல்தான். வேரிலிருந்து உச்சி வரை நீரை ஏற்றும் மரக் குழாய்கள், உள்ளிழுக்கும் விசையால் சுருங்கிவிடாமலும் நீரைக் கசியவிடாமலும் நிற்பதற்கும் இந்த இறுக்கமே காரணம்.

மரத்துக்கு அரணாய் விளங்கும் இக்குணம், காகிதம் செய்பவருக்கு இடைஞ்சல். அவருக்கு வேண்டியது வெண்மையான செல்லுலோஸ் நார்; லிக்னின் அதிலே தங்கிவிட்டால் காகிதம் வெயிலில் மஞ்சளாகிப் பொடிந்து போகும். ஜெர்மானியராகிய கார்ல் டால் 1879-ல் கண்ட வழியில், மரத்துண்டுகளைக் காஸ்டிக் சோடாவும் கந்தகச் சேர்மமும் கலந்த கரைசலில் உயர்ந்த உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் வேகவைத்தால், லிக்னின் துண்டு துண்டாக உடைந்து கரைந்துவிடும். நார் தனித்து நிற்கும். வடித்தெடுத்த அந்தக் கறுத்த நீரை நாம் கருந்திரவம் என்று அழைக்கலாம்.

இதைக் காணத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழக அரசு 1979-ல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் அருகே காவிரிக்கரையை அடுத்த காகிதபுரத்தில், கரும்புச் சக்கையை முக்கியக் கச்சாப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது. அதன் இரண்டாவது ஆலை திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைக்குப் பக்கத்து மொண்டிப்பட்டியில், ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை செய்யும் திறனோடு 2016-ல் தொடங்கியது. உழவர்கள் வளர்த்துத் தரும் சவுக்கும் தைலமரமும் இந்நிறுவனத்துக்கு மற்றக் கச்சாப்பொருள்கள். எங்கே கூழ் காய்ச்சப்படுகிறதோ அங்கே கருந்திரவமும் ஊறுகிறது. அதை நீர் வற்றச் சுண்டவைத்து, மீட்புக் கொதிகலன் என்னும் பெரிய உலையில் பீய்ச்சி எரிக்கிறார்கள்.

இப்படி எரிப்பதைக் கேட்டவுடன், நல்ல பொருளை வீணடிக்கிறார்களே என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அந்த உலை இரண்டு காரியங்களைச் சாதிக்கிறது: லிக்னின் எரிந்த வெப்பத்தில் ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் பிறக்கின்றன, எரிந்த பின் அடியில் உருகித் தங்கும் உப்புகளிலிருந்து, விலையுயர்ந்த காரம் மறுபடியும் மீட்கப்படுகிறது. உலகெங்கும் காகித ஆலைகளில் ஆண்டுதோறும் 5 கோடி டன் அளவில் வெளிப்படும் லிக்னினில், தனிப்பொருளாக விற்பனைக்கு வருவது நூற்றில் இரண்டு பங்களவே என்பதற்கு இந்தச் சிக்கனமே பெரிய காரணம். ஆயினும் ஆலை பெருகப் பெருக, பல இடங்களில் உலைதான் முதலில் தன் எல்லையை எட்டிவிடுகிறது. அதன் சுமையைக் குறைக்க லிக்னினில் ஒரு பங்கை முன்னதாகவே வெளியேற்றினால், அதே உலையைக் கொண்டு அதிகக் கூழ் காய்ச்சலாம். அதற்கான எளிய உபாயம், கருந்திரவத்தினூடே கரியமில வாயுவைச் செலுத்துவது. காரத்தன்மை தணிந்தவுடன் கரைந்திருந்த லிக்னின் தூளாகத் திரள, அதை வடிகட்டி அமில நீரில் கழுவி எடுக்கிறார்கள். ஸ்வீடனில் உருவான இம்முறை 2013-ல் அமெரிக்காவின் பிளிமத் ஆலையிலும், 2015-ல் பின்லாந்தின் சுனிலா ஆலையிலும் வியாபார அளவில் அமைக்கப்பட்டது.

கைக்கு வந்த அந்தக் கபிலத் தூளை என்ன செய்வது? ஒரே சீரான மூலக்கூறுகளைக் கேட்கும் தொழில்களுக்கு அது உதவாது. மெல்லிய இழை நூற்கவோ தெளிந்த தாள் வார்க்கவோ முயன்றால், அளவிலும் வடிவிலும் ஒன்றையொன்று ஒவ்வாத அதன் துண்டுகள் குறுக்கே நிற்கின்றன. நுரைப் பிளாஸ்டிக்கோ அத்தகைய கண்டிப்பு இல்லாதது; இங்கேதான் லிக்னினுக்கு ஒரு வாசல் திறக்கிறது.

நுரை என்பது பெரும்பாலும் வாயுவே. குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள்ளும், வாழைத்தார் பழுக்கவைக்கும் குளிரறைகளின் ‘பஃப்’ பலகைக்குள்ளும் இருக்கும் கெட்டியான நுரை, கன மீட்டருக்கு 30 முதல் 40 கிலோ எடையே உள்ளது. அதே பிளாஸ்டிக் நுரைக்காமல் திடமாக இருந்தால் ஒரு கன மீட்டர் ஆயிரம் கிலோவைத் தாண்டும். ஆதலால் அந்தப் பலகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு பங்கு வாயு. தனித்தனிச் சிற்றறைகளில் சிறைப்பட்டு அசையமுடியாத அந்த வாயுவே வெப்பத்தைத் தடுக்கிறது. பிளாஸ்டிக்கின் வேலை அறைச் சுவர்களாக நிற்பது மாத்திரம்.

இந்த நுரை உருவாகும் விதம் நம் வீட்டு இட்லியின் விதமே. மாவு புளிக்கும்போது வாயுக் குமிழிகள் எழுகின்றன. ஆவியில் வேகும்போது மாவு இறுகி அக்குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பொங்குவதற்கு முன்பே இறுகினால் கல்லாகும். மாவு நீர்த்து, இறுக நேரமானால் குமிழி உடைந்து அமுங்கிப் போகும். வீட்டில் இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஓர் இரவு அவகாசம் உண்டு. தொழிற்சாலை நுரையில் பொங்குதலும் இறுகுதலும் ஒரே சமயத்தில், சில நிமிஷங்களுக்குள் நடந்து முடிய வேண்டும்.

ஜெர்மனியில் ஆட்டோ பாயர் 1937-ல் கண்டுபிடித்த பாலியூரித்தேன் இதற்கு மிக இணக்கமானது. இரண்டு திரவங்கள் சேர்ந்து அது உண்டாகிறது. ஒன்று பாலியால், ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாய் அமைந்த ஹைட்ராக்ஸில் என்னும் கொக்கிகள் பலவற்றை உடைய மூலக்கூறு. மற்றொன்று ஐசோசயனேட், அந்தக் கொக்கிகளைக் கண்டவுடன் பற்றிக்கொள்வது. இரண்டும் பின்னி இறுகும் வேளையில், சிறிது நீரும் கலந்திருந்தால் ஐசோசயனேட் அந்த நீரோடு வினைபட்டுக் கரியமில வாயுவைக் கக்கும். கலவை தானே பொங்கும். கொக்கிகள் போதிய எண்ணிக்கையில், எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பதே இங்கே முதற்கேள்வி. அவற்றைச் சுமக்கும் மூலக்கூறுகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவையா என்பதை நுரை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. லிக்னினின் ஒவ்வொரு கிளையிலும் அத்தகைய கொக்கிகள் இயற்கையாகவே அமைந்துள்ளன.

அவற்றை எண்ணிப் பார்க்கவும் வழி இருக்கிறது. லிக்னினோடு பாஸ்பரஸ் அடங்கிய ஒரு சேர்மத்தைக் கலந்தால், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பாஸ்பரஸ் அணு வந்து அமரும். பிறகு அதை, மருத்துவமனைகளின் காந்த ஒத்திசைவு எந்திரம் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ அதே தத்துவத்தில் இயங்கும் கருவியில் வைத்தால், வளையத்தின்மேல் இருக்கும் கொக்கியும் பக்கக் கிளையில் இருக்கும் கொக்கியும் வெவ்வேறு இடங்களில் தனித்தனிச் சமிக்ஞையாகத் தெரியும். ஒரு கிராம் தூளில் எந்த வகை எத்தனை என்று அதிலிருந்து கணக்கிட்டு, எவ்வளவு ஐசோசயனேட் ஊற்றுவதென்று தீர்மானிக்கலாம். மரம் மாறினாலும், ஆலை மாறினாலும், ஒரே ஆலையில் காய்ச்சும் பக்குவம் மாறினாலும் இந்த எண்ணிக்கை மாறும் என்பதால், இச்சோதனை வெறும் கல்விக்காக மட்டும் நடப்பதன்று.

கொக்கிகள் உண்டு என்பதனாலேயே காரியம் எளிதாகிவிடவில்லை. லிக்னின் தூள், திரவமன்று. பாலியாலில் கலந்தால் கலவை தடித்துப் போகும். கொக்கிகளிற் பல, முறுக்கிக் கிடக்கும் மூலக்கூறின் உட்புறத்தில் மறைந்திருக்கும். வளையங்கள் மிகுந்த அதன் உடல் வளைந்து கொடுக்காதாகையால், அளவு மீறினால் நுரை நொறுங்கும். ஆகவே தூளை அப்படியே சேர்ப்பவர்கள் பாலியாலில் பத்து முதல் முப்பது சதவிகிதத்துக்கு மட்டும் அதைப் பதிலாக இடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். மேலே போக விரும்புகிறவர்கள், புரோப்பிலீன் ஆக்ஸைடு என்னும் சேர்மத்தை அழுத்தக் கலத்தில் லிக்னினோடு வினைபடுத்தி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு நெகிழ்ந்த வாலை வளர்த்து, அந்த வாலின் நுனியில் புதிய கொக்கி நிற்கும்படி செய்கிறார்கள். உள்ளே மறைந்திருந்த பிடி வெளியே நீள்கிறது, தூளும் குழம்பாகிறது. இப்படிச் செய்த பாலியாலை முழு அளவிலேயே நுரைக்குப் பயன்படுத்த முடியும். ஆனால் புரோப்பிலீன் ஆக்ஸைடு பெட்ரோலிய வழிவந்தது, நச்சுள்ளது, எளிதில் தீப்பற்றுவது. ஆக, மரத்தின் பங்கைக் கூட்டப் போய்ப் பெட்ரோலியத்தின் பங்கையும் சிறிது கூட்டியே தீரவேண்டிய நிலை.

இவ்விதம் பிறந்த நுரை கபில நிறமாகவே இருக்கும். காகித ஆலையின் கந்தக வாடையும் அதைச் சில சமயம் தொடரும். சாய்ந்து உட்காரும் இருக்கைக்கு இவை குறைகள். இரண்டு தகடுகளுக்கு இடையே அடைபட்டுக் கிடக்கும் குளிரறைச் சுவருக்கு நிறம் ஒரு பொருட்டேயன்று. தவிரவும், வளையங்கள் மிகுந்த லிக்னின் சூடேறும்போது உருகிச் சொட்டாமல் கரியாக இறுகும் சுபாவமுடையது. தீக்கு அஞ்ச வேண்டிய இடங்களில் அந்தக் கரிப் படலம் உதவிக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பும் ஆராய்ச்சியாளரை ஊக்குகிறது.

இனி, எஞ்சி நிற்கும் சங்கடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐசோசயனேட் என்ற சொல் நம் நாட்டில் 1984-ன் போபால் நினைவின்றி ஒலிப்பதில்லை. அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். கெட்டி நுரைக்குப் பயன்படும் எம்.டி.ஐ. என்பது அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அவ்வளவு எளிதில் ஆவியாகாதது. ஆனாலும் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்கு அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடும். இதனைத் தவிர்க்கவே, அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகாந்த் பில்லா, ஜேம்ஸ் ஸ்டெர்ன்பெர்க் இருவரும், லிக்னினைக் கார்பனேட் சேர்மங்களோடும் அமீன்களோடும் இணைத்து, ஐசோசயனேட் இல்லாமலே பாலியூரித்தேன் நுரை செய்து காட்டினார்கள். நுரையைப் பொங்கச் செய்யும் வாயுவின் கதையும் இத்தகையதே: ஓஸோன் படலத்தைக் கெடுக்கும் எச்.சி.எஃப்.சி.-141பி என்ற ஊதுபொருளை 2020 தொடக்கத்தோடு இந்தியா கைவிட்டது. சுவர் மரத்திலிருந்து வந்தது என்பதற்காக உள்ளிருக்கும் வாயு நல்லதாகிவிடாது.

அடுத்து, மரத்திலிருந்து பிறந்தது மண்ணில் மக்கிவிடும் என்ற நம்பிக்கை. இது சரியன்று. தனித்திருக்கும்போதே எளிதில் மக்காத லிக்னினை யூரித்தேன் பிணைப்புகளால் மேலும் கட்டிவிட்ட பிறகு, அது குப்பைமேட்டில் கரைந்து போகுமென்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரமில்லை. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு விஷயம். முடிவில் எங்கே போகும் என்பது முற்றிலும் வேறு விஷயம்.

மூன்றாவது கணக்கைக் காகிதபுரமே நமக்குக் கற்பிக்கிறது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலனில் எரித்து வந்தவை. அதைக் காகிதத்துக்கு வாங்கிக்கொண்ட காகித ஆலை, ஈடாக அவற்றுக்கு வேறு எரிபொருளோ நீராவியோ தரவேண்டியதாயிற்று. லிக்னினுக்கும் இந்த நியாயம் பொருந்தும். உலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு டன்னுக்கும் பதிலாக நிலக்கரியை எரிப்போமானால், நுரையில் மிச்சப்படுத்திய பெட்ரோலியக் கரி வேறு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். உலையின் சுமை மிஞ்சிய அளவு லிக்னினை மட்டும் எடுப்பது, அல்லது 2022-ல் ஹரியானாவின் பானிப்பட்டில் தொடங்கிய வைக்கோல் எத்தனால் ஆலையைப் போன்ற இடங்களில் சர்க்கரை போக மிஞ்சுவதை எடுப்பது, அல்லது ஆலையின் மற்றச் செலவுகளில் வெப்பத்தைச் சேமித்து அந்தச் சேமிப்புக்கு ஈடாக எடுப்பது ஆகிய வழிகளிலேயே லாபம் மெய்யான லாபமாகும்.

ஆகவே, மரத்தில் செய்த நுரை என்று நாளை ஒரு பொருள் கடைக்கு வருமானால், வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இதில் மரத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு, அந்த மரப்பொருளுக்குப் பதிலாக ஆலையில் எரிந்தது எது, பயன் தீர்ந்த பின் இதை உடைத்து மறுபடியும் பாலியாலாக்க வழி உண்டா? மூன்றுக்கும் எண்ணிட்டுப் பதில் சொல்லக்கூடிய உற்பத்தியாளரின் பொருளுக்குச் சற்று அதிக விலை கொடுப்பதில் நஷ்டமில்லை. முதற்கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருப்பவருடையது பாதி தேறிய சரக்கு.